பூச்சிப் படம் எடுக்க வெளிநாட்டுக் காட்டுக்குப் போகிறவருக்கு

கேள்வி இதுதான். சில வருடங்களாக வீட்டைச் சுற்றியுள்ள பூச்சிகளை மேக்ரோ லென்ஸில் எடுத்துப் பழகிய ஒருவர், இரண்டு வாரம் விடுப்பு போட்டு முதல்முறையாக வெளிநாட்டு மழைக்காட்டுக்குப் போக நினைக்கிறார். எந்த நாடு, எந்த மாதம், என்ன கேமரா, எவ்வளவு ஆபத்து என்று கேட்டிருக்கிறார். பதினான்கு நாளில் ஐந்து இடம் என்று ஒரு திட்டமும் போட்டு வைத்திருக்கிறார்.

திட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து இடங்களில் மூன்றை அடித்துவிடுங்கள். மனசு வந்தால் நான்கை அடியுங்கள். ஒரே காட்டில் பத்து இரவு தங்குவதுதான் இந்தப் பயணத்தில் நீங்கள் எடுக்கப்போகும் மிக நல்ல முடிவு. நாடு, கேமரா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பறவை பார்க்கிறவர்களுக்கு ஐந்து இடம் சரிவரும். எந்தத் தோப்பில் எந்தப் பறவை என்பது வழிகாட்டிகளுக்குத் தெரியும். விடியற்காலையில் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியேறலாம். பூச்சியிடம் அது நடக்காது, இனங்கள் அவ்வளவு. டெரி எர்வின் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிமருந்துப் புகையடித்து, கீழே விழுந்ததை எல்லாம் எண்ணினார். வண்டுகள் மட்டும் ஏறக்குறைய 1,200 இனங்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டு, உலகின் வெப்பமண்டலங்களில் மட்டும் கணுக்காலிகள் (பூச்சி, சிலந்தி போன்றவை) 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1982இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை நிறையக் குறைத்தார்கள். பூச்சிகளுக்கு இன்று அதிகம் சொல்லப்படும் மதிப்பீடு 55 லட்சம் அளவில் நிற்கிறது. அதில் பெயர் வைத்தாகிவிட்டது சுமார் 10 லட்சத்துக்குத்தான்.

படமெடுக்கிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இனங்கள் ஏராளம், ஆனால் ஒவ்வொரு இனத்திலும் உருப்படிகள் கொஞ்சம். இன்று ஒரு செடியில் பார்த்ததை அந்தப் பயணம் முழுக்க இன்னொரு தடவை பார்க்காமலே திரும்பலாம். அதனால் "இங்கே போனால் இது கிடைக்கும்" என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்கிறவருக்குத்தான் கிடைக்கும். முதல் இரவு கண்ணுக்கு இலைதான் தெரியும். மூன்றாம் இரவில், எந்த இலை நேற்று இல்லை என்பது தெரிய ஆரம்பிக்கும். அந்த "நேற்று இல்லாத இலை"தான் பெரும்பாலும் நீங்கள் தேடி வந்த பூச்சி.

சரி, எந்தக் காடு? முதல் பயணத்துக்கு நான் மலைச்சரிவைத்தான் சொல்வேன். கடல்மட்டத்தை ஒட்டிய காட்டில் வெக்கை அதிகம், கொசுவும் அதிகம். 1,000 முதல் 2,000 மீட்டர் வரை உள்ள மேகக்காடுகளில் அந்துப்பூச்சி வகைகள் குவிந்து கிடக்கும், இரவில் குளிர்ச்சியாக இருக்கும், உடம்பும் தாங்கும். தென் அமெரிக்காவின் எக்வடோரில், தலைநகர் கீட்டோவிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்தில் மிண்டோ மேகக்காடு. கிழக்கே இறங்கினால் கோசங்கா பக்கம் 2,000 மீட்டர் காடு, அதையும் தாண்டினால் சில மணி நேரத்தில் அமேசான் தாழ்நிலம். ஒரே சாலையில் இறங்க இறங்கப் பூச்சிகள் மாறிக்கொண்டே வரும். என்னைக் கேட்டால் எக்வடோர்தான். தனியாகப் போகிறவருக்கு, வெளிநாட்டுப் பயணமே புதிது என்கிறவருக்கு, கோஸ்டா ரிகா எளிது. லா செல்வா ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் விஞ்ஞானிகள் நடக்கும் அதே பாதைகளில் பார்வையாளர்களும் தங்கி நடக்கலாம்.

ஆசியப் பக்கம் என்றால் போர்னியோ. அங்கே மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாலு பூங்காவின் தலைமையகம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மட்கிய மரக்கட்டைகளில் டிரைலோபைட் வண்டைத் தேடுங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன கடல் உயிரியின் கவசத்தைப் போர்த்திக்கொண்டு நகர்வது போல இருக்கும். பெண் வண்டு கடைசிவரை புழு உருவிலேயே இருந்துவிடும். 5 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். ஆண் சாதாரண வண்டு மாதிரி, 1 சென்டிமீட்டர்கூட இருக்காது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பெண்ணாகவோ இளம்புழுவாகவோ இருக்கும். ஆணைப் பார்த்தவர்கள் அபூர்வம்.

மடகாஸ்கரை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரனோமஃபனா பக்கம் ஒட்டகச்சிவிங்கி வண்டு கிடைக்கும், உண்மைதான். ஆனால் அங்கே தேசியப் பூங்காக்களுக்குள் இரவில் நடக்க அனுமதியில்லை, பூங்காவை ஒட்டிய சாலையோரத்தில்தான் நடக்க முடியும். பூச்சிக்காரருக்கு இரவு போனால் பாதிக்கு மேல் போனது மாதிரி.

மாதத்தைப் பொறுத்தவரை, மழை தொடங்கிய முதல் வாரங்கள் சிறந்தவை. புதுத் தளிர் விடும், அதைத் தின்னப் புழுக்கள் வரும், புழுக்களைத் தின்ன மற்றவை வரும். நடு வறட்சியில் போகாதீர்கள். ஒரே நாட்டிலேயே மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழை மாதம் வேறாக இருக்கும், ஆகவே நாட்டின் பெயரை வைத்துப் பார்க்காமல் நீங்கள் தங்கப்போகும் இடத்தின் பெயரை வைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம் அமாவாசை. இரவில் வெள்ளைத் துணிக்கு முன் விளக்கு வைத்துத்தான் அந்துப்பூச்சிகளை வரவழைப்போம், நிலவொளி இருந்தால் அவை வருவது குறையும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் காலண்டரைப் பார்த்து, அமாவாசை உங்கள் தங்கலின் நடுவில் விழும்படி தேதி போடுங்கள். பௌர்ணமிக்குப் போனவர் வெள்ளைத் துணியை மட்டும் படமெடுத்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், போர்னியோவின் சரவாக்கில் ஒரு மலைவீட்டின் வராந்தாவில் விளக்கேற்றி வைத்து அந்துப்பூச்சி பிடித்தார். வெள்ளையடித்த சுவர், வெள்ளைக் கூரை, கீழே காடு. 26 இரவுகளில் 1,386 அந்துப்பூச்சிகள். அதில் 800க்கு மேல் நான்கே இரவுகளில் வந்தவை. அந்த நான்கும் மழை கொட்டிய, கும்மிருட்டு இரவுகள். எந்த இரவு எத்தனை வந்தது, நிலவு இருந்ததா, மழை பெய்ததா என்று தினமும் குறித்து வைத்திருந்ததால்தான் அவருக்கே இது புரிந்தது. மழைக்குப் பயந்து அறையில் உட்கார்ந்துவிடாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் ஆதாரம்.

விளக்குத் திரை போடுவது எளிய வேலை. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு, கயிற்றில் வெள்ளைப் பருத்தித் துணி, அடியை மடித்துத் தரையில் விரித்துக் கல் வையுங்கள். வண்டுகள் மோதித் தரையில்தான் விழும். எதிரே பள்ளத்தாக்கு திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள், வெளிச்சம் தூரம் போகவேண்டும். முன்பெல்லாம் பாதரச ஆவி விளக்குதான். பிரமாதமாக இழுக்கும், ஆனால் ஜெனரேட்டரோ மின் இணைப்போ வேண்டும், சூடான குமிழில் ஒரு துளி மழை பட்டால் வெடித்துவிடும், பாதரசம் இருப்பதால் விமானத்தில் கொண்டுபோவதும் சிக்கல். இப்போது புற ஊதா எல்இடி விளக்குகள் வந்துவிட்டன; ஜெர்மனியின் குன்னர் ப்ரேம் அந்துப்பூச்சிகளுக்கென்றே வடிவமைத்தது பலரிடம் இருக்கிறது. கையடக்கம், பவர் பேங்கில் ஓடும். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிகள் எல்லாம் கைப்பையில்தான் வரவேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது.

இருட்டி ஒரு மணி நேரத்தில் சிறியவை வந்து நிரம்பும். பெரிய பட்டு அந்துகளில் பல நள்ளிரவை ஒட்டியும் அதற்குப் பிறகும்தான் வரும், பத்து மணிக்குத் தூங்கப் போனவர் அதைப் பார்க்கமாட்டார். திரையில் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காமல், சுற்றி நான்கைந்து மீட்டரில் இருக்கும் இலைகளின் அடியையும் பாருங்கள். வெளிச்சத்தை நெருங்காமல் ஓரத்தில் அமர்கிறவை நிறைய. விருந்துக்கு வந்த கும்பிடுபூச்சியும் அங்கேதான் காத்திருக்கும். அப்புறம் ஒன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விடிவதற்கு வெகுமுன்பே விளக்கை அணைத்துவிடுங்கள், துணியில் ஒட்டியிருப்பவற்றை மெல்ல எடுத்துப் புதர்களுக்குள் விடுங்கள். இல்லையென்றால் காலையில் பறவைகள் வந்து வரிசையாகத் தின்று தீர்க்கும். திரைக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் இறக்கைகளைப் பார்த்தவர்கள் அடுத்த தடவை மறக்கமாட்டார்கள். ஒரே இடத்தில் தினமும் விளக்கு போடவும் வேண்டாம், ஓர் இரவு விட்டு ஓர் இரவு போதும்.

விளக்கு போடாத இரவுகளில் நடங்கள். நடப்பது என்கிறேனே தவிர, ஒரு மணி நேரத்தில் ஐம்பது மீட்டர் போனால் அதுவே வேகம். தலைவிளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கையில் இன்னொரு டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்து இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடித்த ஓரம், சுருட்டிய இலை, இலைமேல் சிதறிய எச்சம், இந்த மூன்றும் பூச்சி அருகில் இருப்பதற்கு அடையாளம். முழங்காலுக்குக் கீழே உள்ள இலைகளையும் விடாதீர்கள். பூஞ்சை பிடித்த எறும்பு சாகும்போது இலையடி நரம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும். தாய்லாந்தில் ஆராய்ந்தவர்கள் அளந்தபோது அது தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. குனிகிறவர் கண்ணுக்குத்தான் அது படும்.

மேகக்காட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாவது இரவு, அதற்குமுன் ஆறு தடவை நடந்த அதே பாதை. இடுப்பளவு செடியொன்றில் தலைகீழாக ஒரு வெட்டுக்கிளி தோலுரித்துக்கொண்டிருந்தது. நீண்ட உணர்கொம்பு உள்ள, இலை வேடம் போடும் வகை. பழைய தோல் முதுகில் பிளந்திருந்தது, உள்ளிருந்து வெளிறிய பச்சையில் ஈரமான உடம்பு கால்வாசி வெளியே வந்திருந்தது. அடுத்து கால்கள். ஒவ்வொரு காலையும் பழைய உறையிலிருந்து உருவும்போது அந்தக் கால் நூல் மாதிரி வளைந்தது. கடைசியில் உணர்கொம்புகள்தான் பாக்கி. உடம்பைவிட மூன்று மடங்கு நீளம். தலையைக் கீழே இழுத்து, நடுவில் சிக்கியதை வாயால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவியது. அப்போது இறக்கைகள் கசங்கிய துணித்துண்டு போலத்தான் இருந்தன. திரும்பி, தோலைப் பற்றிக்கொண்டு தொங்கியது. இறக்கைகளில் சாறு ஏற ஏற, இலையின் நரம்புகள் ஒவ்வொன்றாக அதில் தெளிந்தன. ஓரத்தில் பழுப்பாக ஓர் ஓட்டை, நிஜ இலையைப் புழு தின்ற மாதிரியே. எல்லாம் முடிந்ததும் தன் பழைய தோலைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம். மறுநாள் காலை அடுத்த ஊருக்குக் கிளம்பவேண்டிய அவசரம் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் இரண்டு படம் எடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

கேமராவைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்டிருந்தாலும் நான் குறைவாகவே சொல்கிறேன். கையிலிருப்பதே போதும். 90 முதல் 105 மில்லிமீட்டர் வரை ஏதாவது ஒரு மேக்ரோ லென்ஸ், ஒரு ஃபிளாஷ், அதன் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் நல்ல டிஃப்யூசர். காசு செலவழிக்க ஆசை இருந்தால் டிஃப்யூசருக்குச் செலவழியுங்கள். வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி. ஃபிளாஷ் எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் தெரியும். சிறிய வெளிச்சப் பொட்டு வெள்ளைக் கறையாக விழும், அகலமான மென்மையான வெளிச்சம் நிறத்தைக் காட்டும். ஷட்டர் வேகம் 1/200 நொடி, லென்ஸின் துளை எஃப் 8 முதல் 11 வரை. அதற்கு மேல் துளையைச் சிறிதாக்கினால் கூர்மை குறையத் தொடங்கும். கண்ணில் ஃபோகஸ் இருக்கட்டும். சூழலோடு சேர்த்து எடுக்க அகலக் கோண லென்ஸ் ஒன்று இருந்தால், காட்டுக்குள் அந்தப் பூச்சி எப்படி வாழ்கிறது என்பதும் படத்தில் வரும். கறுப்புப் பின்னணியில் ஐம்பது பூச்சி எடுத்தபின் அந்த ஒரு படம்தான் நினைவில் நிற்கும்.

உங்கள் கருவிக்கு உண்மையான எதிரி ஈரம். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் அடுத்த நிமிடம் லென்ஸ் முழுக்க நீர் படியும். ஏசி இல்லாத அறையாகக் கேளுங்கள், அல்லது கேமராவை ஏசிக்கு வெளியே காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். இரண்டு வாரம் ஈரத்தோடு பைக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை வளர வாய்ப்பு உண்டு. ஒரு நல்ல லென்ஸை நான் அப்படித்தான் இழந்தேன், ஊர் திரும்பிய பிறகுதான் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி தெரிந்தது.

ஆபத்து பற்றி வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். பாம்புக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கால் வைக்கும் இடத்தில் வெளிச்சம், இரவில் தனியாகப் போகாமல் இருப்பது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இரண்டு பூச்சிகளைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று புல்லட் எறும்பு, மரத்தின் அடியில் கூடு கட்டும், கொட்டினால் வலி ஒரு நாள்கூட நீடிக்கும். இன்னொன்று லோனோமியா கம்பளிப்புழு. மரப்பட்டை நிறத்தில், கூட்டமாக அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முள்ளிலுள்ள நஞ்சு இரத்தம் உறைவதையே கெடுக்கும், அதனால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இருட்டில் மரத்தில் கையூன்றும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். முள் உள்ள எந்தப் புழுவையும் தொடாதீர்கள். போர்னியோவில் அட்டைகள் உண்டு, இறுக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை போட்டால் போதும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. கொசுவைத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். கொசு விரட்டியில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும், தடவிய கையோடு கேமராவைப் பிடிக்காதீர்கள், பூச்சிகளையும் தொடாதீர்கள்.

எதையும் எடுத்துவராதீர்கள். செத்துக் கிடந்த வண்டாக இருந்தாலும், அழகான ஒரு சிறகாக இருந்தாலும் சரி. பெரும்பாலான நாடுகளில் அனுமதியில்லாமல் காட்டுயிர் மாதிரியை வெளியே கொண்டுபோவது குற்றம். 2025இல் கென்யாவில் சுமார் 5,000 எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள், ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம். எறும்புதானே என்று நீதிமன்றம் விடவில்லை. படமெடுப்பதிலும், விற்பனைக்காக எடுத்தால் சில பூங்காக்கள் தனி அனுமதி கேட்கும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். வழிகாட்டியை அமர்த்தும்போது, பறவைக்கும் குரங்குக்கும் கூட்டிப்போகிறவரா, பூச்சியில் ஆசை உள்ளவரா என்று விசாரியுங்கள். இரண்டாமவர் கிடைத்தால் எல்லா நாளும் அவரோடே இருங்கள். என் நல்ல படங்களில் பாதி வேறொருவர் கண்ணில் முதலில் பட்டவை.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு செய்யவேண்டிய வேலை. அதற்கான ஏற்பாடு காட்டிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு பூச்சியையும் அழகான கோணத்தில் ஒன்று எடுத்ததோடு நிறுத்தாமல், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் நேராக ஒன்று, இருந்த செடியின் இலையும் பூவும் ஒன்று என்று எடுத்து வையுங்கள். தேதி, உயரம், இடம் மூன்றும் குறித்திருக்கட்டும். பிறகு, படத்தைப் பார்த்து மற்றவர்கள் இனம் சொல்ல உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றுங்கள். பாதிக்கு மேல் குடும்பப் பெயரோடு நின்றுவிடும், பல அந்துப்பூச்சிகளை உடலுறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். ஆனாலும் ஏற்றுங்கள். 2011இல் குவெக் ஹோக் பிங் என்ற மலேசியப் படக்கலைஞர் சிலாங்கூர் காட்டில் ஒரு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படமெடுத்தார். இறக்கை உடம்போடு சேரும் பகுதியில் கறுப்பு நரம்பு வலையும் நீலப் பொட்டுகளும். படத்தை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டார். அதைத் தற்செயலாகப் பார்த்த ஷான் வின்டர்டன் என்ற பூச்சியியலாளருக்கு அது என்ன இனம் என்று சொல்லத் தெரியவில்லை. மாதிரி வேண்டுமென்று கேட்டபோது பூச்சி பறந்து போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. குவெக் மறுபடி அதே இடத்துக்குப் போனார், இன்னொன்றைக் கண்டுபிடித்தார். 2012இல் அது செமாக்ரைசா ஜேட் என்ற பெயரோடு புதிய இனமாக வெளியானது. வின்டர்டனின் மகள் பெயர் ஜேட்.